தித்தித்த ரேடியேட்டர் தண்ணீர்

ஒரு லாரி எங்கே தண்ணீரைத் தொலைக்கிறது என்று தேடிப் பிடிப்பதில் எனக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் இருந்தது. பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி ஜோகுபாளையத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் வைத்திருந்தேன். “ரேடியேட்டர் காலியாவுது மேஸ்திரி, எங்க ஒழுவுதுன்னு தெரியல” என்று யாராவது டிரைவர் வந்து நின்றால் எனக்கு உள்ளுக்குள் குஷியாகிவிடும். மற்ற மெக்கானிக்குகள் பார்த்துக் கைவிட்ட வண்டி என்றால் இன்னும் குஷி. தலைக்கனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் தலைக்கனத்தோடு நான் செய்த ஒரு காரியத்தை எழுதாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. யுத்தத்துக்காக வந்து இறங்கிய மிலிட்டரி லாரிகளை டிஸ்போசலில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மரக்கடை முதலாளி ஒருவர் அப்படி ஒன்றை எடுத்து, பச்சைப் பெயின்டின் மேல் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓட்ட விட்டிருந்தார். அதன் டிரைவர் வேலூர்ப் பக்கத்து மனிதர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேஸ்திரி என்பார். அவருடைய சம்சாரம் முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வீடு என்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் லாரியில்தான்.

அவருக்கு இருந்தது ஒரு நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். ஹொசகோட்டை தாண்டி ரோட்டோரத்தில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வந்து வளர்த்தார். “தம்பி” என்றுதான் கூப்பிடுவார். முன் சீட்டில் இடது பக்கம் அதன் இடம், கிளீனர் பின்னால் மரத்தின் மேல்தான் உட்கார வேண்டும். “அவன் சீட்டுல உக்காந்தா அவனுக்குக் கோவம் வரும்” என்று டிரைவர் சிரிக்காமல் சொல்வார். ராத்திரி லோடு லாரியில் நிற்கும்போது திருடர்கள் நாய்க்கு எதையாவது போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்பதால், வேற்றாள் கொடுக்கும் எதையும் தொடக்கூடாது என்று அதைப் பழக்கியிருந்தார். கறித்துண்டைக் காலடியில் போட்டால்கூட அவர் முகத்தைப் பார்க்கும். மூன்று பேர் கையால்தான் அது சாப்பிடும். அவர், ஷெட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர், நான்.

லாரியோடு சேர்த்து ஏலத்தில் இரண்டு பெரிய டின் வந்திருந்தது. மூடியைத் திறந்தால் எண்ணெய் மாதிரி வழவழப்பான ஒரு திரவம். முதலாளிக்கு அது என்னவென்று தெரியவில்லை. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். தித்தித்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு அது பழக்கம்தான், ஒழுகுவது மழைத்தண்ணியா, பேட்டரித் தண்ணியா, ரேடியேட்டர் தண்ணியா என்று நாக்கே சொல்லிவிடும். கன்டோன்மென்ட்டில் மிலிட்டரி வண்டி பார்த்த ஒருவர், வெள்ளைக்காரன் இதை ரேடியேட்டரில் ஊற்றுவான், உள்ளே துரு பிடிக்காது என்று எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவு போதாதா எனக்கு?

“இது இன்ஜினுக்கு மருந்து. பாதிக்குப் பாதி தண்ணியில கலந்து ஊத்தினா இன்ஜின் சட்டி கழுவின மாதிரி ஆயிடும்” என்று டிரைவரிடம் அடித்துச் சொன்னேன். ஊற்றியும் விட்டேன்.

பத்து நாளில் லாரி திரும்பி வந்தது. ஒவ்வொரு டிரிப்புக்கும் ரேடியேட்டரில் இரண்டு பாட்டில் குறைகிறதாம். அதுவரை பச்சைத்தண்ணீரில் ஓடிய வண்டி ஒரு சொட்டு ஒழுகியதில்லை. பழைய இன்ஜினில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டையை எல்லாம் துருவே அடைத்து வைத்திருக்கும் என்பதும், என் மருந்து அந்தத் துருவைக் கரைத்துக்கொண்டு வெளியே வர வழி தேடும் என்பதும் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்றைக்கு நான் மருந்தைக் குறை சொல்லவில்லை. லாரியைத்தான் திட்டினேன்.

ஒழுக்கைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ரப்பர் ஹோஸ், அதை இறுக்கும் வளையங்கள். பிறகு ரேடியேட்டரின் அடி. அதன் பிறகு வாட்டர் பம்ப்பின் தண்டு. எல்லாவற்றையும் துணியால் துடைத்து, சாம்பல் தூவி, இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தேன். சாம்பல் எங்கேயும் நனையவில்லை. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளுக்குள் போகிறது என்று அர்த்தம். எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. இரண்டு நாள் போயிற்று. டிரைவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, “என்ன மேஸ்திரி, மருந்து குடிச்சிட்டு நம்ம வண்டிக்கு வயித்தால போவுதா?” என்று கிண்டல் செய்தார். டீக்கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தேன். நாய் லாரிக்கு அடியில் புகுந்து, சேசிஸின் குறுக்குக் கட்டையில் ஒரு இடத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஆறிப்போன இன்ஜின். அந்த இடத்தில் எந்த ஹோஸும் கிடையாது, கியர்பாக்ஸுக்கும் பின்னால். நான் படுத்து உள்ளே நுழைந்து விரல் வைத்துப் பார்த்தேன். லேசான பிசுபிசுப்பு. நாக்கில் வைத்தேன். தித்திப்பு.

பித்துப் பிடித்தவன் மாதிரி ஆகிவிட்டேன். கட்டையைத் துடைத்துவிட்டு இன்ஜினைச் சூடு பண்ணினேன், நிறுத்தினேன், ஆறவிட்டேன். பிறகு விசில் அடித்து, “தம்பி, வாடா” என்றேன். நாய் வந்து மறுபடி அதே இடத்துக்குப் போயிற்று. அங்கே துடைத்துவிட்டுக் கொஞ்சம் முன்னால் காட்டினேன். அங்கே நக்கியது. இப்படி அதை முன்னால் முன்னால் கூட்டிக்கொண்டு போய் கியர்பாக்ஸ் மூடியின் மேல்பக்கம் வரை வந்தேன். சூட்டில் வண்டி ஓடும்போது ஒழுகுவது ஆவியாகிவிடுகிறது, நின்று ஆறும்போது இரும்பு சுருங்கி ஒரு நூல் அளவு கசிகிறது, அது கட்டை வழியாக நடந்து எங்கேயோ போய்ச் சொட்டுகிறது. இன்ஜினின் முதுகில், கியர்பாக்ஸ் மறைத்துக்கொண்டிருக்கும் ஒரு வட்டத் தகடு. இரும்பு வார்க்கும்போது விடும் ஓட்டையை அடைக்கும் மூடி அது. அதுதான் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது.

எதிர்க் கடைக்கும் கேட்கும்படி கத்தினேன். “மூணு நாளா நான் கண்டுபிடிக்காததை நாய் கண்டுபிடிச்சிருச்சு.” டீக்கடைக்காரர் ஒரு பன்னை எடுத்து வந்து அதற்குப் போட்டார். டிரைவருக்குப் பெருமை தாங்கவில்லை. “அவனுக்கு ஒரு ஸ்பேனர் வாங்கிக் குடுத்துருங்க” என்றார். முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வருவதாக மரக்கடைக்குப் போனார்.

தகட்டை மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு முன்னால் ரேடியேட்டரைத் திறந்து, இருந்த மருந்துத் தண்ணீரை ஒரு இரும்புச் சட்டியில் பிடித்தேன். மதியம். டீக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். நாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. தானாகச் சட்டியில் வாய் வைக்கவில்லை. அப்படிப் பழக்கியிருந்தாரே.

“வேலை பாத்தல்ல, கூலி வேணுமா?” என்று கேட்டேன்.

ஒரு கொட்டாங்குச்சி கிடந்தது. அதில் மொண்டு வைத்தேன். குடித்து முடித்து மறுபடி பார்த்தது. இன்னொரு கொட்டாங்குச்சி வைத்தேன்.

சாயங்காலம் டிரைவர் வந்தபோது நாய் கால் பின்னிப் பின்னி நடந்தது. சுவரில் மோதியது. “யாருடா இவனுக்குச் சாராயம் ஊத்தினது?” என்று டீக்கடைக்காரர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். மறுநாள் காலையில் நேராக நடந்தது. தண்ணீர்மட்டும் வாளி வாளியாகக் குடித்தது. வெயில் என்று நினைத்தோம். நான் கியர்பாக்ஸை இறக்கி, பழைய தகட்டைத் தட்டி எடுத்து, பித்தளைத் தகட்டில் புதிதாக ஒன்று வெட்டிக் குழித்து அடித்து இறக்கினேன். நான் செய்த வேலைகளில் அதுதான் சுத்தமான வேலை. பிறகு அந்த லாரி விற்றுப் போகும்வரை அந்த இடத்தில் ஒரு பொட்டு ஈரம் வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் நாய் எழுந்திருக்கவில்லை. வாந்தி எடுத்தது. டிரைவர் அதைக் கோணியில் சுற்றி, ஜட்கா வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ விஷம் உள்ளே போயிருக்கிறது, சிறுநீரே இறங்கவில்லை, என்ன விஷமென்று தெரியாமல் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். திரும்பி வரும் வழியில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் அது செத்தது. தலை டிரைவர் மடியில் இருந்தது. அவர் ஜட்காவை நிறுத்தச் சொல்லவில்லை. “தம்பி, தம்பி” என்று ஷெட் வரும்வரை தட்டிக்கொண்டே வந்தார். ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

புதைத்துவிட்டு வந்ததும் அவர் நேராக டீக்கடைக்குப் போனார்.

அதற்கு மூன்று நாள் முன்னால் நாய் பால் பாத்திரத்தைத் தட்டிக் கவிழ்த்துவிட்டது என்று டீக்கடைக்காரர் அதன் மேல் வெந்நீரை வீசியிருந்தார். “உனக்கு ஒரு நாள் மருந்து வச்சாத்தான் சரிப்படும்” என்று கோபத்தில் கத்தியிருந்தார். மறுநாளே பன் போட்டார், அது வேறு விஷயம். கத்தியது எல்லார் காதிலும் விழுந்திருந்தது.

“மூணு பேர் கையாலதான் அவன் சாப்பிடுவான்” என்றார் டிரைவர். “நான் குடுக்கல. மேஸ்திரி குடுப்பாரா? நீதான்.”

“யோவ், என் கொழந்த மேல ஆணையா இல்ல. அன்னிக்குப் போட்ட பன்னு நீயும் தின்ன பன்னுதானே?”

“வாயால சொன்ன. கையாலயும் செஞ்சிட்ட.”

மூலையில் இருந்த அம்மன் கோயிலுக்கு முன்னால் டீக்கடைக்காரர் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். அத்தனை லாரிக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டார். நானும் நின்றுகொண்டிருந்தேன். கொட்டாங்குச்சி எனக்கு ஒரே ஒரு தடவை மனதில் வந்து போனது. நானே நாக்கில் வைத்துப் பார்த்த சரக்கு, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தள்ளிவிட்டேன். அன்றைக்கு வாயைத் திறந்து, “அண்ணே, நானும் அதுக்குக் குடிக்கக் குடுத்தேன்” என்று சொல்லியிருக்கலாம். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்று இருந்துவிட்டேன்.

லாரிக்காரர்கள் அந்தக் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினார்கள். நாய்க்கு விஷம் வைத்தவன் கையால் குடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. நானும் நிறுத்தினேன், எதிரே உட்கார்ந்துகொண்டு வேறு கடைக்கு நடந்தேன். சில மாதம் அவர் காலிப் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கடையை எடுத்துவிட்டு ஸ்ரீராம்புரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். டிரைவரும் லாரியை விட்டார். நாய் இல்லாத சீட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியவில்லை என்றார். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார்.

சில வருஷம் கழித்து, வடக்கே மிலிட்டரி ஒர்க்ஷாப்பில் இருந்துவிட்டு வந்த ஒருவன் என் ஷெட்டில் வேலை கேட்டு வந்தான். மூலையில் மீந்து கிடந்த அந்த மருந்து டின்னைத் திறந்து மோந்து பார்த்தான்.

“இத எதுக்குண்ணா இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க? பனி பெய்யிற ஊர்ல தண்ணி உறையாம இருக்க ஊத்துறது. சரியான விஷம். தித்திப்பா இருக்கும், நாய்ங்க விட்டு வைக்காது. எங்க கேம்ப்ல ரெண்டு செத்துச்சு. மொதல்ல குடிகாரன் மாதிரி ஆடும், அப்புறம் சரியாயிட்ட மாதிரி இருக்கும், மூணாம் நாள் போயிடும்.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் போன பிறகு டின்னின் மேல் பெயின்டைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். எச்சரிக்கையாக ஏதாவது எழுதியிருந்து, அதை எவனாவது பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் அவன் மேல் பழியைப் போடலாமே என்ற ஆசை. வெறும் நம்பர்தான் இருந்தது.

அது ஆடி மாதம். சொல்லியாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். டிரைவரிடம் சொல்ல வேண்டும், டீக்கடைக்காரரிடமும் சொல்ல வேண்டும், இரண்டு பேரையும் ஒரு இடத்தில் நிற்க வைத்துச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜை போகட்டும் என்று இருந்தேன். தீபாவளி சமயத்தில் போய் இதையா சொல்வது என்று இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரம் வரை போனேன். சந்து முனையில் நின்று பார்த்தேன். வாசலில் ஒரு கரி அடுப்பை வைத்துக்கொண்டு, முனிசிபாலிட்டி ஆட்களுக்கு அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். பயம்தான், வேறென்ன.

தை மாதம் அவர் நெஞ்சுவலியில் செத்துப் போனார் என்று செய்தி வந்தது. சாவுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை, போனேன். டிரைவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “போவட்டும்” என்றாராம். வரவில்லை.

பங்குனியில் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனேன். இரண்டு பேர் முகத்தில் விழிக்க வேண்டியது ஒருவராகக் குறைந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கேவலமான தைரியம்.

பெரிய வீட்டின் பின்பக்கம் கார் ஷெட்டை ஒட்டி அவருக்கு ஒரு அறை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “வா மேஸ்திரி, வழி தெரிஞ்சுதா?” என்று பாயைப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டின், தித்திப்பு, கொட்டாங்குச்சி, இரண்டாவது கொட்டாங்குச்சி. வடக்கேயிருந்து வந்தவன் சொன்னதைச் சொன்னேன். 

அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு, “குடிக்கும்போது வால ஆட்டுச்சா?” என்று கேட்டார்.

“ஆட்டுச்சுண்ணே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ ஆசையாக் குடுத்திருக்க. அவனும் ஆசையாக் குடிச்சிருக்கான். தெரியாம நடந்ததுக்கு என்னா பண்றது? உக்காரு மேஸ்திரி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாசக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்து வைத்த மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன். அவர் மண்பானையிலிருந்து எனக்குத் தண்ணீர் மொண்டார். டம்ளரை நீட்ட வந்தவர் பாதியில் நின்றார்.

“அந்த மிலிட்டரிக்காரன் உனக்கு இத எப்பச் சொன்னான்?”

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

“ஆடியில” என்றேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். ஆவணி, புரட்டாசி என்று உதடு அசைந்தது. தை வந்ததும் நின்றது.

“அப்ப அவன் உசுரோட இருந்தான்” என்றார். “ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா நான் போயி அவன் கால்ல விழுந்திருப்பேனே.”

தண்ணீர் டம்ளரைப் பானையின் மேல் திருப்பி வைத்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்ரீராம்புரத்தில் அந்த மகள் வீடு எந்தச் சந்து என்று கேட்டார். சொன்னேன். நானும் வருகிறேன் என்று எழுந்தேன்.

“நீ வரவேணாம்” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.